தோட்டத்துப் பாட்டுக்குத் தாளம் போட்டது யார்?

தோட்டப் பாட்டு என்றாலே கண்ணீர்தான் என்று மலேசியத் தமிழர் முடிவு கட்டிவிட்டோம். பண்பாட்டு விழா மேடையில் அதைப் பாட வருபவர் குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு அடியையும் இழுத்து, ஒரு புல்லாங்குழலைத் துணைக்கு வைத்துக்கொண்டு பாடுகிறார். மாணவர் கட்டுரைகளில் அவலம், ஏக்கம், துயரம் என்ற மூன்று சொற்களுக்குள் எல்லாப் பாடல்களும் அடங்கிவிடுகின்றன. அச்சில் இருக்கும் சொற்களை வைத்தே இந்த முடிவுக்கு வந்திருக்கிறோம். அந்தப் பாடல்கள் எவ்வளவு வேகத்தில் பாடப்பட்டன, எந்தச் சுருதியில் எடுக்கப்பட்டன, பாடும்போது கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நம் தொகுப்புகளில் பெரும்பாலானவை சொல்வதில்லை. இவை அலங்காரக் குறிப்புகள் என்று ஒதுக்கப்பட்டுவிட்டன. என் பார்வையில் இவைதான் முதல் சாட்சியம். ஒரு தொழிலாளர் கூட்டம் தன் வேலையின் வேகத்தைத் தானே வைத்துக்கொண்டதா, அல்லது அதை வேறொருவர் வைத்தாரா என்பதைச் சொற்களைவிடப் பாட்டின் வேகம் தெளிவாகச் சொல்லும்.

இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலேய, அமெரிக்கப் பாய்மரக் கப்பல்களில் பாடப்பட்ட 'ஷான்டி' பாடல்களைப் பார்ப்பது உதவும். 2021 ஜனவரியில் நேதன் எவன்ஸ் என்ற ஸ்காட்லாந்துத் தபால்காரர் பாடிய 'வெல்லர்மேன்' கைப்பேசி வழியாக உலகமெல்லாம் பரவியபோது, மாலுமிப் பாட்டு என்றால் இப்படித்தான், கால் தட்டிக் குதிக்கும் வேகத்தில் இருக்கும் என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அது நியூசிலாந்துத் திமிங்கில வேட்டைக்காரர்களைப் பற்றிய கதைப்பாட்டு. வேலைப் பாட்டு என்ற கணக்கில் அது சேராது. அசல் ஷான்டிகளுக்கு ஒரே வேகம் என்று ஒன்று இருந்ததில்லை. பாயை மேலே ஏற்றும் கயிற்றை இழுக்க ஒரு வகைப் பாட்டு. அதில் பல்லவிக்கு இரண்டு இழுப்பு, நடுவே மூச்சு வாங்க இடம், ஆகவே நடை மெதுவாகவே போகும். பாயின் மூலையைக் கடைசியாக இறுக்கிக் கட்டக் குறுகிய பாட்டு; அடியின் இறுதிச் சொல்லில் எல்லாரும் ஒரே வெட்டாக வெட்டி இழுப்பார்கள். நங்கூரம் தூக்கும் உருளையைச் சுற்றி நடப்பது மணிக்கணக்கில் நீளும் வேலை. அதற்கு நடைப்பாட்டு, நீண்ட பல்லவி, ஊர் திரும்பும் ஏக்கம் எல்லாம் உண்டு. ஸ்டான் ஹியூகில் 1961இல் வெளியிட்ட பெருந்தொகுப்பு இன்றும் மதிக்கப்படுவதற்குக் காரணம், எந்தப் பாட்டு எந்த வேலைக்குப் பாடப்பட்டது என்பதை அவர் குறித்துவைத்ததுதான். 1929இல் உடைந்துபோன கார்த்பூல் என்ற பாய்மரக் கப்பலில் அவரே வேலை செய்தவர். எந்தக் கயிற்றுக்கு எந்தப் பாட்டு என்பது அவருக்குக் கைவழி தெரியும்.

சுரவரிசை விஷயத்திலும் நாம் எதிர்பார்ப்பது ஒன்று, அங்கே இருப்பது ஒன்று. சோகத்துக்கு ஒரு ராகம், மகிழ்ச்சிக்கு ஒரு ராகம் என்று பிரிப்பது நமக்கும் மேலை நாட்டாருக்கும் பழக்கம். ஷான்டிகளில் பல நம் சங்கராபரணத்துக்கு ஒப்பான சுரங்களிலும், சில ஹரிகாம்போதிக்கு ஒப்பான சுரங்களிலும் அமைந்தவை. எல்லாரும் அறிந்த 'டிரங்கன் செய்லர்' கரகரப்பிரியாவின் சுரங்களில் ஓடுகிறது. ஏட்டில் பார்த்தால் கனமான மெட்டு. ஆனால் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தளத்தில் திமுதிமுவென்று நடந்தபடி பாடிய பாட்டு அது. கேலியும் கும்மாளமுமாக இருக்கும். மறுபுறம், அழுகிய சோற்றையும் அடிக்கும் அதிகாரியையும் திட்டும் சொற்கள் பளிச்சென்ற மெட்டில் வருகின்றன. முன்பாட்டுக்காரன் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆட்களின் மூச்சைப் பார்த்து அவன் வேகத்தைக் கூட்டுவான், குறைப்பான். அதிகாரியைத் திட்டும் அடியை அவர் காதில் விழுகிற தூரத்தில் வைத்தே பாடுவான். பிரிட்டிஷ் அரசுக் கடற்படைக் கப்பல்களில் ஷான்டிக்கு இடமில்லை. அங்கே வேலை ஊதல், பிடில் ஒலிக்கு நடந்தது. கூட்டம் தன் தாளத்தைத் தானே போடுவதை அதிகாரம் எப்படிப் பார்க்கும் என்பதற்கு இந்த ஒரு தகவல் போதும்.

தமிழரிடம் ஷான்டிக்கு நிகரானது அம்பாப் பாட்டு. தமிழகக் கரையிலும் ஈழத்தின் வடக்கு கிழக்குக் கரைகளிலும் கரைவலை இழுப்போர் பாடியது. வலை தூரத்தில் கிடக்கும்போது இழுப்பு நிதானம், பாட்டும் நிதானம். மடி கரையை நெருங்க நெருங்க, மீன் தப்பிவிடாமலிருக்க, பாட்டு வேகம் பிடிக்கும். உழவு இயந்திரம் கட்டி வலையை இழுக்கத் தொடங்கியபின் அம்பா அடங்கிவிட்டது. இயந்திரத்துக்கு மூச்சுமில்லை, பல்லவியும் தேவையில்லை. ஏற்றப் பாட்டு, நெல் குத்தும் பாட்டு, சுண்ணாம்பு இடிக்கும் பாட்டு எல்லாமே இப்படி ஒரு பொது அசைவில் பிறந்தவை. பாரதி குயில் பாட்டில் இவற்றை வரிசையாகச் சொல்லி நெஞ்சைப் பறிகொடுத்ததாகக் கூறும்போது, அவர் மயங்குவது இசைக்கு. சொற்களைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அதே பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட பெண்களைப் பற்றி எழுதிய பாட்டு சைந்தவி ராகம், திஸ்ர சாப்பு தாளம் என்ற குறிப்போடு அச்சில் வருகிறது. கடல்கடந்த கூலித் தமிழரைப் பாடிய கவிஞர் மெட்டையும் நடையையும் குறித்துவைத்தார். கடல்கடந்த தமிழரே பாடிய பாட்டுகளைத் தொகுத்த நாம் அதைச் செய்யவில்லை.

இனி கோல சிலாங்கூருக்கு வருவோம். ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905 வாக்கில் சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் நட்டார். 1917இல், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிகப் பயிராக்கினார்; இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அது. 1930இல் அவர் எழுதிய மலாயா நாவலுக்கு பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அந்த நிலத்தில் உழைக்க நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்கள் நீராவிக் கப்பலின் தளத்தில் வந்தார்கள். பாய்மரத்தின் காலம் முடிந்து, கயிறிழுக்கும் பாட்டும் அதோடு முடிந்துகொண்டிருந்த நேரம் அது. கங்காணி முறை 1938இல் இந்திய அரசின் தடையால் நிற்கும்வரை ஊர் ஊராக ஆள் திரட்டியது. வந்தவர்கள் ஏற்றப் பாட்டும் நடவுப் பாட்டும் தெரிந்த உழவர் குடியினர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை பால்வெட்டு.

பால்வெட்டு என்ன மாதிரி வேலை என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். விடிவதற்கு முன் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு தனக்குரிய நிரைக்குப் போக வேண்டும். குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் நின்றுவிடும். மரத்தருகே போனதும் முந்திய வெட்டுக்கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட வேண்டும். பிறகு உளியைச் சரிவாகப் பிடித்து, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கனத்தில் பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் ஏச்சு. ஆழம் குறைந்தால் பால் குறைவு, கூலியில் இடி. பால் வழியும் தகட்டுக்குக் கீழே மங்கைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். ஒருவருக்கு நானூற்றைம்பது மரம் என்று வைத்துக்கொண்டால், மூன்றரை மணி நேரத்தில் முடிக்க மரம் ஒன்றுக்கு நடையும் சேர்த்து அரை நிமிடம்கூட இல்லை. ஒரு மரம் பருமன், அடுத்தது ஒல்லி. ஒன்றில் வெட்டு இடுப்பளவில், இன்னொன்றில் முழங்காலுக்குக் கீழே. நடுவே ஒரு வாய்க்கால் தாண்ட வேண்டும். இந்தக் கைக்குச் சீரான அடி கிடையாது. பக்கத்து நிரையில் வெட்டுபவரின் கை இந்தக் கையோடு எந்த இடத்திலும் சேராது. இருவர் சேர்ந்து ஒரே நொடியில் செய்ய வேண்டிய ஒரு அசைவுகூட இந்த வேலையில் இல்லை. ஏற்றப் பாட்டுக்காரர் இங்கே எதற்குத் தாளம் போடுவார்? வேலையின் வேகத்தை மரக் கணக்கும் வெயிலும் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டன.

ஆகவே தோட்டப் பாட்டு மெதுவாக இருப்பதைப் பார்த்து, நம்மவர் சோகப் பிறவிகள் என்று முடிவுகட்டுவது தவறு. பால்வெட்டுக்குள் இடம் கிடைக்காத பாட்டு அதற்கு வெளியே போனது. புல் வெட்டும் பெண்கள் கூட்டத்துக்கும் கள்ளுக்கடைக்கும் போனது, சாவு வீட்டுக்குப் போனது, கோயில் திருவிழாவுக்குப் போனது. எல்லாவற்றையும்விட அதிகமாகத் தொட்டிலுக்குப் போனது. தாலாட்டின் வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. பள்ளிக்கூட அறிவியல் படித்த எவரும் இதைச் சரிபார்க்கலாம். ஊஞ்சலாடும் பொருளின் காலம் அது தொங்கும் நீளத்தைப் பொறுத்தது. தள்ளுபவரின் மனநிலைக்கு அதில் பங்கில்லை. லயத்து வீட்டு விட்டத்திலிருந்து ஐந்தடி கீழே தொங்கும் சேலைத் தொட்டில் ஒருமுறை போய்வர ஏறக்குறைய இரண்டரை வினாடி ஆகும். தாய் அழுதாலும் சிரித்தாலும் தாலாட்டின் அடி அந்த இரண்டரை வினாடிக்குள்தான் விழும். கூரையின் உயரம் பாட்டின் நடையைத் தீர்மானித்தது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் அதுதான் உண்மை. இன்று இந்த நாட்டு வீடுகளில் ஸ்பிரிங் கட்டிய தொட்டில் வந்துவிட்டது. அது பக்கவாட்டில் ஆடாது, மேலும் கீழும் துள்ளும். துள்ளல் பழைய ஆட்டத்தைவிட வேகமானது. பழைய தாலாட்டை அதில் பாடிப் பார்த்தால் ஒன்று சொல் தொட்டிலோடு சேராது, அல்லது பாட்டு சிந்து நடைக்கு ஓடிவிடும். சொற்கள் ஒன்றே, ஆனால் அது வேறு பாட்டு.

தாளம் பிறர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் கொடிய சான்று சயாம் மரண ரயில். ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட்ட 1942, 1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. பாலத்துக்கு மரத்தூண் அடிக்கக் கனமான எடையைக் கயிற்றால் ஏற்றி விழவிடும் வேலை இருந்தது. கப்பலின் கயிறு வேலையைப் போலவே கூட்டுப் பாட்டுக்கு உகந்த வேலை. ஆனால் அங்கே ஒலித்தது காவலர் கற்பித்த ஜப்பானிய எண் வரிசை. போர்க் கைதிகளாக அங்கிருந்தவர்களின் நினைவுக் குறிப்புகளில் அந்த எண்ணிக்கை மறக்க முடியாத ஓசையாகத் திரும்பத் திரும்ப வருகிறது. வேகமாக எண்ணினால் வேகமாக இழுக்க வேண்டும். மூச்சு வாங்குவதும் எண்ணுபவர் விட்ட வழி. சயாமுக்குப் போனவர்களைப் பற்றித் தோட்டத்தில் பாடிய பாட்டுகள், திரும்பி வராதவரை எண்ணி வீட்டிலிருந்தவர் பாடியவையாகவே பெரும்பாலும் நமக்குக் கிடைப்பதில் வியப்பில்லை.

பாட்டின் மனநிலையைச் சொற்களை மட்டும் வைத்துக் கணித்தால் எவ்வளவு தவறலாம் என்பதும் கவனிக்க வேண்டியது. கங்காணியின் மீசையையும் கிராணியின் கணக்கையும் துரையின் காற்சட்டையையும் கிண்டலடிக்கும் பாட்டுகள் தோட்டங்களில் நிறைய இருந்தன. ஒப்பாரி மெட்டிலேயே கிண்டல் செய்வது நம் கிராமத்துப் பெண்களுக்குக் கைவந்த கலை. கூலி குறைந்துபோனதைப் பிணத்தின் முன் அழுவதுபோல் இழுத்துப் பாடி, கடைசிச் சொல்லில் குரலைச் சட்டென்று வெட்டினால் சுற்றியிருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். அந்த வெட்டு அச்சில் வராது. அச்சில் பார்ப்பவர் அவலச் சுவை என்று குறித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். சிரித்துக்கொண்டு எதிர்த்தவர்களை இப்படித்தான் அழுதுகொண்டு அடங்கியவர்களாக்கி வைத்திருக்கிறோம். வரலாற்றில் இது சிறிய பிழை அல்ல.

பாட்டின் வேகத்தையும் சுருதியையும் பதிய வேண்டும் என்பதற்கு மறுப்புச் சொல்பவர்கள் உண்டு. நாட்டுப்புறப் பாட்டுக்கு நிலையான வேகமோ சுருதியோ கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும், அதைப் பதிந்து இதுதான் சரி என்று சொல்வது பாட்டைச் சிறைப்படுத்துவதாகும் என்பது முதல் மறுப்பு. மாறும் என்பது உண்மை. ஆனால் எப்படி மாறுகிறது என்பதுதானே தெரிய வேண்டியது? ஒரே பாட்டை ஈஜோக்கில் ஒருவர் தாலாட்டாகவும், புக்கிட் ரோத்தானில் ஒருவர் கும்மியாகவும் பாடினால், இரண்டையும் யார், எப்போது, எந்த வேலையில் பாடினார் என்ற குறிப்போடு வைத்துக்கொள்வதில் எந்தச் சிறையும் இல்லை. ஹியூகில் அதைத்தான் செய்தார்; ஒரே பாட்டுக்குப் பல வடிவங்களைத் தந்தார். இரா. தண்டாயுதம் மலேசிய நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்ததும், முத்தம்மாள் பழனிசாமி தாம் அறிந்த பாடல்களை எழுத்தில் கொண்டுவந்ததும் சாதாரணப் பணி அல்ல. அவர்கள் இல்லாவிட்டால் சொற்களும் மிஞ்சியிருக்காது. இப்போது கேட்பது அந்தச் சொற்களுக்கு உரிய ஓசையைத்தான்.

இரண்டாவது மறுப்பு கனமானது. பாட்டிகளுக்கு எழுபது, எண்பது வயதாகிவிட்டது, குரல் உடைந்திருக்கிறது, குளிர்சாதன அறையில் சோபாவில் உட்கார்ந்து பாடும் வேகம் தோட்டத்து வேகம் ஆகுமா என்று கேட்கிறார்கள். ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். உட்கார்ந்து பாடினால் வயதின் வேகம்தான் வரும். ஆனால் வேகம் குரலில் மட்டும் இருப்பதில்லை, கையில் இருக்கிறது. விட்டத்தில் சேலையைக் கட்டி ஆட்டச் சொல்லுங்கள். உலக்கையைக் கையில் கொடுங்கள். கூட ஒருவரைப் பின்பாட்டுக்கு நிறுத்துங்கள். தொட்டிலின் நீளம் தெரிந்தால் நடையைக் கணக்காகவே மீட்க முடியும் என்பதைப் பார்த்தோம். குரல் உடைந்ததால் சுருதி இரண்டு மூன்று சுரம் இறங்கியிருக்கலாம். இறங்கியதையும் குறித்துக்கொண்டால் போகிறது. மூன்றாவதாக, இளைஞர்கள் இந்தப் பாட்டுகளை உறுமி மேளத்தோடு வேகமாகப் பாடிப் பரப்புகிறார்களே, அது போதாதா என்பார்கள். பரப்பட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் 'வெல்லர்மேன்' கேட்ட வெள்ளைக்காரப் பிள்ளை சந்தேகம் வந்தால் ஹியூகிலின் நூலைத் திறந்து பார்க்கலாம். நம் பிள்ளை எதைத் திறப்பது?

இந்தப் பதிவுக்கு நேரம் அதிகமில்லை. வட சிலாங்கூர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிவிட்டன, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் என்ற ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை, செம்பனைக்குள் அயல்நாட்டுத் தொழிலாளர். இருட்டில் மரம் சீவிய கைகள் இன்று பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ரவாங் தாமான்களில் பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. அங்கே பயிலும் மாணவர்கள் கையில் இன்று இருக்கும் கைப்பேசியே நல்ல ஒலிப்பதிவுக் கருவி. ஓர் ஆண்டு ஆய்வுக் கட்டுரைகளைக் கோல சிலாங்கூர் மாவட்டத்துக்கென்று ஒதுக்கி, பாடலோடு வேலை, கை அசைவு, தொட்டிலின் நீளம், தொடங்கிய சுருதி, யார் பின்பாட்டுப் பாடினார் என்ற ஐந்து விவரங்களையும் கட்டாயமாக்கினால் போதும். வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மூலம் பாடத் தெரிந்தவர்களின் பட்டியலைத் தர முடியும். இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அவரிடம் போனால், பாடுங்கள் என்று கேட்பதற்கு முன், இதைப் பாடும்போது உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டுப் பதிவுசெய்யுங்கள்.